பலகை ஓட்டையில ஒரு கல்லு உப்பு

திருட்டா? அந்த வார்த்தைய யாருண்ணே உங்ககிட்ட சொன்னது? பட்டறைக் காவக்காரனா? அவன் கெடக்கறான். உங்க அண்ணன் மவ அஞ்சலை இந்த வீட்ல எங்கூடத்தான் இருக்கா, வந்த நாள்லேருந்து. ஒரு கறிவேப்பில கூடக் கேக்காம எடுக்க மாட்டா. மொதல்ல உக்காருங்க. கெப்பாலா பத்தாஸ்லேருந்து பஸ்ஸுல குலுங்கி, போட்டுல ஆடி, ஜெட்டிலேருந்து வெயில்ல நடந்து வந்திருக்கீங்க. இந்தாங்க முக்காலி. அவ கடைத்தெருப் பக்கமாத்தான் போயிருக்கா. இன்னிக்கு வெள்ளிக்கிழம இல்லையா, மொதலாளி தொழுகைக்குப் போயிட்டாரு, பட்டறை அரைநாளு.

கோப்பி குடிங்க. சீனி கம்மியாத்தான் இருக்கும், மனசுல வச்சுக்காதீங்க. பகல் பூரா சீனிக்குள்ளயே கெடந்துட்டு வர்றவளுக்கு, வீட்டுக்கு வந்து அந்த டப்பாவத் தொறக்கவே கை வராது.

என்ன சொன்னான், உப்புத்திருடின்னா? எனக்குச் சிரிப்பு வருதுண்ணே. அது நாங்க வச்ச பட்டப்பேரு. செல்லமா வச்சது. எப்படி வந்துச்சுன்னு முழுசாக் கேட்டாத்தான் புரியும். பாதியில எந்திரிச்சுப் போனா தப்பாத்தான் தெரியும். பொண்ணக் கூட்டிட்டுப் போய்க் கல்யாணம் பண்ணி வைக்க வந்திருக்கீங்க. அவ எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்க வேணாமா? கேளுங்க.

எங்க பட்டறையில ஜாதிக்காய் மிட்டாய் போடறோம்னு தெரியுமில்ல? கொட்டைய மருந்துக்கும் மசாலாவுக்கும் வித்துடுவாங்க, எங்களுக்கு அதச் சுத்தி இருக்கற பழச் சதைதான். பின்னால ஒரு கொட்டாய் இருக்கு, உப்புக் கொட்டாய். அங்க ஆம்பளைங்க. காய உப்புத் தண்ணித் தொட்டியில ஊறப் போட்டுக் கசப்பு எடுப்பாங்க. அப்புறம் நல்ல தண்ணியில அலசி அலசி, உப்பெல்லாம் போனப்புறம் முன்னால எங்க கொட்டாய்க்கு வரும். அது சீனிக் கொட்டாய். நாங்க பொம்பளைங்க உக்காந்து அத பூ மாதிரி கீறி, பாகுல போட்டு, சீனியில பெரட்டி, வெயில்ல காய வைப்போம். காலையில போய் உக்காந்தா முடியில சீனி, காதுல சீனி, இமை கூட ஒட்டிக்கும். நடந்து போனா எறும்பு பின்னாலயே வரும். மத்தியானம் ஆனா நாக்கு இருக்கே, அது நாக்கா இருக்காது. கொழகொழன்னு, வாய்க்குள்ள யாரோ பஞ்ச ஊற வச்ச மாதிரி. அந்த நேரத்துக்கு ஒரு கல்லு உப்பு கெடைக்காதான்னு உசுரே போயிடும்.

மொதலாளி முகம்மது கனி நல்ல மனுசன்தான், ஆனா உப்புன்னா அவருக்குக் கிலி. நான் சேர்றதுக்கு முன்னால ஒரு தடவ, யாரோ உப்புக் கையோட பாகக் கிண்டிட்டாங்களாம். அந்த ஜாடியெல்லாம் ஒரு பெரிய சீனத் தவுக்கே, அதான் பணக்கார மொதலாளி, அவரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிடுச்சு. மாப்பிள்ளையோட அம்மா வாயில வச்சா, அத்தன பேரு முன்னால துப்பிட்டா. அன்னிலேருந்து சீனிக் கொட்டாய்க்குள்ள உப்பு நொழையக் கூடாது. சோத்துத் தூக்கு வெளியிலயே வச்சுடணும். சாப்புட்டுட்டு வந்தா ரெண்டு கையும் நீட்டணும், மோந்து பாப்பாரு. கருவாட்டு வாசன இருந்தா திரும்பப் போயி கழுவிட்டு வரணும்.

நாங்க பழகிட்டோம். நாக்கு செத்துப் போச்சுன்னு விட்டுட்டோம். உங்க அஞ்சலை வந்தா பாருங்க, வந்த மொத வாரமே சொல்லிட்டா, அக்கா, என்னால முடியாது, நான் கடலோரத்துக்காரி, எனக்கு உப்பு வேணும்னு.

மொதல்ல என்ன பண்ணா தெரியுமா? பாகு அடுப்புப் பக்கத்துல போய் உக்காந்தா. யாரும் உக்காராத எடம், அனல் அடிக்கும். மொதலாளி, பாரு எவ்வளவு உழைக்கறான்னு எங்களுக்கெல்லாம் அவளக் காட்டிச் சொன்னாரு. இவ அங்க உக்காந்து மொகத்துல வேர்வ வடிய விட்டு, யாரும் பாக்காதப்ப மேலுதட்ட நக்கிக்குவா. எனக்கே வந்து பெருமையாச் சொல்றா, அக்கா, காசில்லாத உப்பு, கடையில போக வேணாம்னு. காமாரியான்னு ஒரு மலாய்க்காரப் பொண்ணு எங்ககூட வேல பாக்குது. நல்லாத் தமிழ் பேசும். அதுக்கு விசயம் தெரிஞ்சதும் அதுவும் அடுப்புப் பக்கம் வந்துடுச்சு. அப்புறம் நானும் போனேன். அடுப்ப சுத்தி அத்தன பேரும். கீறற காயக் கூட அங்கயே எடுத்துட்டுப் போயிட்டோம். மொதலாளிக்கு ஒண்ணும் புரியல, உங்களுக்கெல்லாம் குளிர் காய்ச்சலான்னு கேட்டாரு.

இருங்கண்ணே, கோப்பி ஆறுது. வந்துருவா வந்துருவா.

வேர்வ எத்தன நாளைக்குப் பத்தும்? அடுத்தது முந்தானை. இது அவ மூளை, வேற யாருக்கும் வராது. ராத்திரி வீட்ல, நான் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு கிண்ணத்துல உப்பக் கரைச்சு அதுல சேலை முந்தானையோட முனைய ஊறப் போட்டா. காலையில அது காஞ்சு வெடவெடன்னு அப்பளம் மாதிரி நிக்குது. பட்டறையில உக்காந்துக்கிட்டு வாயப் பொத்தற மாதிரி முந்தானைய வாயில வச்சு சப்பறா. நாங்க எல்லாரும் அதே மாதிரி ஆரம்பிச்சோம். காமாரியா தலையில போடற துணிய நனைச்சுக்கிச்சு. மொதலாளி உள்ள வர்றாரு, பாக்கறாரு, அத்தன பொம்பளைங்களும் வாயை மூடிக்கிட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டு வேலை செய்யறோம். அவரு கண்ணு கலங்கிடுச்சுண்ணே. இந்தக் காலத்துல இப்படி அடக்கமான பொண்ணுங்க எங்க இருக்குன்னு பக்கத்துக் கடைக்காரர்கிட்டப் போய்ச் சொல்லியிருக்காரு. எங்க முந்தானையெல்லாம் எலி கடிச்ச மாதிரி ஆயிடுச்சு. கோயிலுக்குக் கட்டிட்டுப் போக ஒரு நல்ல சேலை இல்ல.

அப்புறம் ஆசாம்பொய். சீனன் விப்பானே, உப்புல காஞ்ச ப்ளம்ஸ் பழம், சுருங்கிப் போயி, அதேதான். அத ஒரு கன்னத்துல ஒதுக்கிக்கிட்டா மத்தியானம் வரைக்கும் தாங்கும். ஒரு நாள் மொதலாளி நின்னு பாத்துட்டு, அஞ்சலை, என்ன கன்னம் வீங்கியிருக்குன்னாரு. வாயத் தொறந்து பதில் சொல்ல முடியுமா? நான் சொல்லிட்டேன், பல்லு வலிங்கன்னு. பாவம் மனுசன், வீட்டுக்கு ஓடிப்போய்க் கிராம்புத் தைலம் எடுத்துட்டு வந்து, வாயத் தொற, நானே வச்சு விடறேங்கறாரு. இவ என்ன செஞ்சா? முழுங்கிட்டா. கொட்டையோட. மொகம் செவந்து போச்சு. பாத்தீங்களா, எவ்வளவு வலி பொண்ணுக்குன்னு அவளை வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்கண்ணே, என்ன இப்ப. உங்க வீட்டுப் பொண்ணுதானே.

இத விட ஒண்ணு இருக்கு. காமாரியா ஒரு நாள் தகரக் கொவளையில கறுப்புக் கோப்பி கொண்டாந்துச்சு. கோப்பி குடிக்கலாம், அதுக்குத் தடை இல்ல. ஆனா அது கோப்பியே இல்ல. கீச்சாப், சோயா மொச்சையில காச்சுவாங்களே கறுப்பா, உப்பாக் கரிக்கற சாறு, அதத் தண்ணி ஊத்திச் சூடு பண்ணி ஆவி பறக்கக் கொண்டாந்திருக்கு. ஆளுக்கு ஒரு சொட்டு. நாக்குல பட்டதும் ஊரே வெளிச்சமாத் தெரிஞ்சுது. அந்த நேரம் பாத்து மொதலாளி வர்றாரு. பசார்ல சண்டை போட்டுட்டு வந்திருப்பாரு போல, ஏம்மா, அந்தக் கோப்பியக் கொஞ்சம் குடுன்னு வாங்கி, நாங்க வாயத் தொறக்கறதுக்குள்ள மடக்குன்னு ஒரு வாய் ஊத்திட்டாரு.

காமாரியா கண்ண மூடிக்கிட்டு வேண்டிக்குது. அவரு கண்ணுல தண்ணி. கொவளையப் பாக்கறாரு, எங்களப் பாக்கறாரு. மெதுவா முழுங்கிட்டுக் கொவளையக் கீழ வச்சுட்டு, சீனி பத்தலைன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நிக்கறாரு. அந்தக் கோப்பி இருக்காங்கறாரு.

ஆமாண்ணே. அவருந்தானே காலையிலேருந்து ஒவ்வொரு அண்டாவா பாகு ருசி பாக்கறாரு? அவருக்கு மட்டும் நாக்கு இல்லையா?

எங்க எந்திரிக்கறீங்க? கடைத்தெருவுல போய்த் தேடறதா? அவ ஒரு சந்துல வருவா, நீங்க ஒரு சந்துல போவீங்க. உக்காருங்க, முக்கியமானதே இனிமேதான். திருட்டுன்னானே, அது இதுதான்.

சீனிக் கொட்டாய்க்கும் உப்புக் கொட்டாய்க்கும் நடுவுல ஒரு பலகைச் செவுரு. அதுல ஒரு கணு விழுந்து ஓட்டை. விரல் போற அளவு. அஞ்சலைதான் கண்டுபுடிச்சா. அந்தப் பக்கம் உப்பு மூட்டைய அடுக்கி வச்சிருப்பாங்க, விரல விட்டுத் தோண்டினா வரும்னு நெனச்சு விரல விட்டிருக்கா. மூட்டை இல்ல. வெறும் காத்து. ஆட்டி ஆட்டிப் பாத்துட்டு எடுக்கப் போறப்ப, விரல் நுனியில யாரோ ஒரு கல்லு உப்பு வச்சாங்க.

அவ அப்படியே நின்னுட்டா. விரல எடுத்து வாயில வச்சுக்கிட்டுத் திரும்பி என்னப் பாத்தா பாருங்க, அந்த மொகத்த நீங்க பாத்திருக்கணும்.

அப்புறம் தெனமும் அதான். இவ விரல விடுவா, ஒரு கல்லு வரும். கொஞ்ச நாள் போனதும் கல்லோட வேற வேற வர ஆரம்பிச்சுது. உப்புல ஊறின புளிச்சங்காய்த் துண்டு. மாங்காய்க் கீத்து, அந்த ஓட்டைக்குள்ள வர்ற மாதிரி குச்சி குச்சியாச் சீவி. ஒரு தடவ ஒரே ஒரு வறுத்த நெத்திலி, தலைய முன்னால நீட்டிக்கிட்டு வந்துச்சு, எட்டிப் பாக்கற மாதிரி. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். அவ அத எங்க எல்லாருக்கும் கிள்ளிக் கிள்ளிக் குடுத்தா, உப்புத்திருடி வந்துட்டா, கை நீட்டுங்கன்னு நாங்க சொல்லுவோம். அப்படித்தான் அந்தப் பேரு வந்துச்சு. பதிலுக்கு இவ என்ன குடுத்தா தெரியுமா? அந்தப் பக்கம் இருக்கறவங்க பகல் பூரா உப்புல நிக்கறவங்க இல்லையா. கையெல்லாம் வெடிச்சு, நாக்கு கரிச்சுப் போயி. அதனால இவ ஓட்டை வழியா ஒரு கீத்து ஜாதிக்காய் மிட்டாய் அனுப்புவா. நல்லா பூவாக் கீறினது. ரொம்ப நாளைக்கு மொகமே தெரியாது ரெண்டு பேருக்கும். விரல்தான் தெரியும்.

யாரா? சொல்றேன். பிச்சமுத்து.

ஆமா. உங்க வாசல்ல வந்து நின்ன அதே பிச்சமுத்துதான்.

கோவப்படாதீங்கண்ணே. முக்காலி சாயுது பாருங்க. முழுசாக் கேளுங்க. அப்புறம் என்ன வேணா திட்டுங்க, எங்க போயிடப் போறேன்.

ஒரு நாள் நாங்க சாப்பிடப் போன நேரத்துல மொதலாளி உள்ள வந்திருக்காரு. அஞ்சலை உக்கார்ற பலகை செவுத்தோட ஒட்டிக் கெடக்கறதப் பாத்திருக்காரு, ஓட்டையப் பாத்திருக்காரு. என்னடா இதுன்னு விரல விட்டுட்டாரு. நான் தூக்குச் சட்டிய வச்சுட்டு வாசப்படியில வர்றேன், எல்லாம் பாக்கறேன். அந்தப் பக்கம் அவன் வழக்கம் போல ஒரு கல்லு வச்சிருக்கான். வச்சுட்டு, விரல் ஏன் இன்னிக்கு இப்படித் தடிச்சுக் கெடக்கு, தேனீ கொட்டிடுச்சாங்கறான். கேட்டுட்டு அந்த விரலப் புடிச்சு உஃப்பு உஃப்புன்னு ஊதி விடறான். வலிக்குதா, வலிக்குதான்னு.

மொதலாளி மொகத்தச் சொல்லத் தெரியலண்ணே எனக்கு. மெதுவா விரல உருவினாரு. அந்த உப்பப் பாத்தாரு. அக்கம் பக்கம் பாத்தாரு, நான் கதவுக்குப் பின்னால போயிட்டேன். வாயில போட்டுக்கிட்டாரு. கண்ண மூடிக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் திரும்ப விரல விட்டு, அவர் கட்டைக் குரல்ல சொன்னாரு, இன்னொரு கல்லு வைடான்னு.

அந்தப் பக்கம் தடால்னு சத்தம். தொட்டிக்குள்ள விழுந்துட்டான். சத்தம் கேட்டு அஞ்சலையும் மத்தவங்களும் ஓடி வந்துட்டாங்க. சொட்டச் சொட்ட வந்து நின்னான், உப்பு வடியுது மீசையெல்லாம். அன்னிக்குத்தான் அஞ்சலை அவன் மொகத்தயே நேராப் பாத்தா. மொதலாளி கேட்டாரு, என்னடா இதெல்லாம்னு. வேற எவனா இருந்தாலும் தெரியாதும்பான். இவன் மீசையத் தொடச்சுக்கிட்டே சொன்னான், அவங்களுக்குச் சம்மதம்னா நான் கட்டிக்கறேங்கன்னு. மொதலாளி அவளப் பாத்தாரு. இவ அன்னிக்குப் பாத்து வாயில முந்தானையும் இல்லாம, ஆசாம்பொய்யும் இல்லாம, நல்லாத் தெளிவா, சம்மதம்னா. சரி, பெரியவங்களப் போய்க் கேளுன்னுட்டாரு. வேலைய விட்டு நிறுத்தல. ஓட்டையக் கூட அடைக்கச் சொல்லல.

கேக்கத்தானே வந்தான் உங்க தோட்டத்துக்கு? புதுச் சட்டை போட்டுக்கிட்டு, ஒரு ஜாடி மிட்டாயோட. என்ன ஆளுங்கன்னு கேட்டீங்களாம். சொன்னானாம். ஜாடிய வாசல்லயே வச்சுட்டுப் போகச் சொல்லிக் கதவச் சாத்திட்டீங்களாம். அவன் ஒரு வார்த்த உங்களக் கொற சொல்லல அண்ணே. வெயில்ல அந்த ஜாடியத் திரும்பத் தூக்கிட்டு வந்தான். எங்களுக்கே பிரிச்சுக் குடுத்துட்டான்.

அஞ்சலையும் லீவுல அங்க வந்தப்ப உங்ககிட்டப் பேசப் பாத்தாளாம். பொட்டச்சிக்கு என்ன பேச்சுன்னீங்களாம். தென்னந்தோப்புக் கங்காணி, பொண்டாட்டி செத்தவரு, மூத்த புள்ளைக்கு இவ வயசு, அவருக்கு நிச்சயம் பண்ணியாச்சு, வெள்ளிக்கிழம வந்து கூட்டிட்டுப் போவேன்னு சொல்லி அனுப்பிட்டீங்க.

அந்த லீவு முடிஞ்சு வந்தப்புறம் அவ உப்பு கேக்கலண்ணே. காலையில போவா, அடுப்புப் பக்கம் உக்கார மாட்டா, செவுத்துப் பக்கம் உக்கார மாட்டா, நடுவுல உக்காந்து கீறிக்கிட்டே இருப்பா. காமாரியா கீச்சாப்பு நீட்டுச்சு, குடின்னுச்சு, வேணாம்னுட்டா. அந்தப் பக்கம் அவன் உப்பு வச்சுட்டு விரலுக்காகக் காத்துக்கிட்டே இருப்பான் போல, ஓட்டையில அந்தக் கல்லு வெள்ளையாத் தெரியும். யாரும் எடுக்க மாட்டாங்க. சாயங்காலம் காத்துல கரைஞ்சு ஒழுகி, பலகையில கோடு கோடா எறங்கியிருக்கும். மொதலாளி ஒரு நாள் அதப் பாத்துட்டு நின்னாரு. என்கிட்ட வந்து, வள்ளியம்மா, இது நல்லா இல்லையேன்னாரு. நல்லா இல்லீங்கன்னேன். அப்ப ஏதாவது பண்ணுன்னாரு.

அதுக்கு மேல நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க. ஆத்தா அப்பன் இல்லாத பொண்ணு. நீங்க வளத்தீங்க, இல்லேங்கல. காய்ச்சல்ல தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தீங்களாமே, சொல்லியிருக்கா. அதச் சொல்றப்பெல்லாம் அழுவா. அதனாலதான் உங்க மூஞ்சிய நேராப் பாத்து மாட்டேன்னு சொல்ல அவளால முடியல. முடிஞ்சிருந்தா இன்னிக்கு நான் இவ்வளவு பேச வேண்டிய அவசியமே இல்ல.

கேட்டுச்சா? சங்கு. ஆமா, போட்டு கெளம்புது, அக்கரையில இருக்கற பிறை ரயில் ஸ்டேசனுக்கு.

கடைத்தெருப் பக்கமாத்தான் போனா, நான் பொய் சொல்லல. ஜெட்டிக்கு அந்த வழியாத்தானே போகணும்.

ஓடாதீங்கண்ணே. நெஞ்சு அடைச்சுக்கும். அடுத்த போட்டு புடிச்சு நீங்க அங்க போய்ச் சேர்றதுக்குள்ள ரயிலு கெளம்பிடும். உக்காருங்க. தாலி காலையிலயே ஏறிடுச்சு, மாரியம்மன் கோயில்ல. அவளுக்கு ஆத்தாவா நான் நின்னேன். மாலை மொதலாளி வாங்கியாந்தாரு, வெளியில நின்னு குடுத்துட்டுப் போனாரு. காமாரியா வாசல்ல எங்க செருப்பெல்லாம் காவல் காத்துச்சு. தாலி ஏறினதும் மொதல்ல சாமிய கும்பிடல அவ. கெப்பாலா பத்தாஸ் எந்தப் பக்கம்க்கான்னு கேட்டா. எனக்கு எங்க தெரியும், கடல் இருக்கற பக்கமாக் கையக் காட்டினேன். அந்தப் பக்கம் விழுந்து கும்பிட்டா, உங்களுக்கு.

அழுவாதீங்க. இந்தாங்க, மொகத்தத் தொடச்சுக்குங்க. அது என் முந்தானை, பரவால்ல, கிழிஞ்சதுதான். வேற கோப்பி போடறேன், சீனி நெறையாப் போட்டு.

எந்த ஊருக்கா? தெரியாதுண்ணே. நெசமாத்தான். அவ சொல்ல வந்தா, நான் காதப் பொத்திக்கிட்டேன். இப்ப நீங்க இப்படி உக்காந்திருக்கறதப் பாத்தா, தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன். எனக்கு என் வாயப் பத்தித் தெரியாதா?